ஃபிட்னஸ் பேண்ட் காட்டும் எண்களில் எதை நம்பலாம்?

டிஷ்யூ பேப்பர் உருளை ஒன்றில் ஃபிட்னஸ் பேண்டைக் கட்டுகிறார்கள். பின்பக்கத்துப் பச்சை விளக்கு மினுமினுக்கிறது. சில நொடிகளில் திரையில் ஓர் இதயத்துடிப்பு எண் வந்து நிற்கிறது. சீனாவில் தொடங்கி உலகம் சுற்றிய இந்த வீடியோ, வாழைப்பழத்தில் கட்டியது, வேறெதிலோ கட்டியது என்று விதவிதமாக இன்னமும் வலம் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, 'இரண்டாயிரம் ரூபாய் பொருளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்' என்று பேண்டைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், காலையில் கண் விழித்ததும் திரையைப் பார்த்து, 'ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தானா' என்று கலங்குகிறவர்களும் உண்டு.

இரு தரப்புக்கும் தேவைப்படுவது ஒரே விளக்கம்தான். திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் எண்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில அளந்து சொன்னவை, சில கணக்குப் போட்டு வந்தவை, சில ஊகம். புதிதாக பேண்ட் கட்டுகிறவர் எந்த எண் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உள்ளே இருப்பது என்ன?

2014-இல் ஷாவ்மி நிறுவனம் தன் முதல் மி பேண்டை சீனாவில் 79 யுவானுக்கு விற்றது. அதில் திரையே கிடையாது, மூன்று சிறு விளக்குகள் மட்டும். கையின் அசைவை அறியும், அவ்வளவுதான். இதயத்துடிப்பு சென்சார் அடுத்த ஆண்டு வந்த மாடலில்தான் சேர்ந்தது. இன்று ஆயிரத்து ஐநூறு முதல் நாலாயிரம் ரூபாய்க்குள் பளிச்சென்ற திரையும் ஏராளமான உடற்பயிற்சி மோடுகளும் கிடைக்கின்றன. ஆனாலும் உடலிடமிருந்து தகவல் வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு சென்சார்கள்தான்:

1. முடுக்கமானி. கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை மூன்று அச்சுகளில் உணரும் மிகச் சிறிய சில்லு. போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதைச் செய்வதும் இதே வகைச் சில்லுதான்.

2. ஒளி சென்சார். தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் அளவைப் பார்க்கும். ஆக்சிஜன் அளவு காட்டும் பேண்டுகளில் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் சேர்ந்திருக்கும்.

தூரம், கலோரி, தூக்கம், மன அழுத்தம் என்று மற்றவை எல்லாம், இந்த இரண்டும் தரும் தகவலோடு ஆப்பில் நீங்கள் கொடுத்த வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து மென்பொருள் போடும் கணக்கு. உயரத்தைத் தவறாகக் கொடுத்திருந்தால் தூரமும் தவறும். மலிவு பேண்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்காது. போன் சட்டைப் பையில் இருந்தால் அதன் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும், இல்லையென்றால் உயரத்தை வைத்து நீங்கள் எடுத்துவைக்கும் ஓர் அடியின் நீளத்தை மதிப்பிட்டுப் பெருக்கிக்கொள்ளும்.

அடிக்கணக்கு: எண்ணப்படுவது கைவீச்சு

பேண்ட் காலைப் பார்ப்பதில்லை. நடக்கும்போது கை முன்னும் பின்னும் போகும் சீரான தாளத்தைப் பிடித்து அதை அடிகளாக மாற்றுகிறது. தவறுகள் எங்கே வரும் என்பதை இதிலிருந்தே ஊகித்துவிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அரை மணி நேரம் நடந்தாலும் கணக்கு ஏறாது, கை அசையவில்லையே. இடுப்பில் குழந்தையோடு நடந்தாலும் அதே கதி. மாறாக, குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினாலோ, உட்கார்ந்த இடத்திலேயே துணி துவைத்தாலோ, மாவு பிசைந்தாலோ சில நூறு அடிகள் சும்மா ஏறிவிடக்கூடும். கைத்தடி ஊன்றியோ வாக்கர் பிடித்தோ மெல்ல நடக்கும் பெரியவர்களுக்குக் கணக்கு குறைவாகவே வரும். அப்பாவுக்கு வாங்கித் தந்த பேண்ட் 'வேலை செய்யவில்லை' என்று தோன்றினால் பேண்டைக் குறை சொல்வதற்கு முன் அவர் நடையைக் கவனியுங்கள்.

சோதித்துப் பார்ப்பது எளிது. சமதரையில் இயல்பாகக் கைவீசி, வாய்விட்டு எண்ணியபடி 200 அடி நடந்து, முன்னும் பின்னும் திரையில் உள்ள எண்ணைக் கழித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து அடி வித்தியாசம் சாதாரணம். ஓடுதளம் பக்கத்தில் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 600 அடி ஆகிறது என்றால் உங்கள் ஓர் அடி சுமார் 67 செ.மீ. ஆப் காட்டும் தூரம் எந்த அளவுக்குச் சரி என்பது அதில் தெரிந்துவிடும்.

எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடை இயந்திரத்தில் உங்கள் சரியான எடை தெரியாது. ஆனால் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறீர்களா என்பது தெரியும். அடிக்கணக்கும் அப்படித்தான். உங்கள் 6,200-ஐ நண்பரின் 7,100-ஓடு ஒப்பிடுவதில் பொருளில்லை. போன வாரத்து உங்கள் சராசரியோடு ஒப்பிட்டால் அது நல்ல அளவுகோல்.

10,000 அடி எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான பேண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தினசரி இலக்கு 8,000 அல்லது 10,000 என்று இருக்கும். இந்த 10,000-க்குப் பின்னால் மருத்துவ ஆய்வு எதுவும் முதலில் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த ஆண்டு, 1965-இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடிமானி. மனதில் நிற்கும் முழு எண் என்பதால் உலகம் முழுவதும் அதுவே நிலைத்துவிட்டது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தார்கள். ஓர் அடி 67 செ.மீ. என்று வைத்தால் அதுவும் ஏறக்குறைய 12,000 அடி.

ஆய்வுகள் சொல்லும் எண்கள் இதைவிட எட்டிப் பிடிக்கக் கூடியவை. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் பெரிதாகத் தென்படவில்லை. 2025-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வும், 2,000 அடியோடு ஒப்பிட்டால் 7,000 அடி நடப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவு என்றது. இவை மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள். நடப்பதால்தான் முழுப் பலனும் வந்தது என்று இவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தொடக்கக்காரருக்கு வழி தெளிவாகவே இருக்கிறது: முதல் வாரம் இலக்கு எதுவும் வைக்காமல் உங்கள் வழக்கமான நாளின் சராசரியைப் பாருங்கள். அது 3,500 என்றால் இலக்கை 4,500 என்று மாற்றுங்கள். 10,000-ஐ அப்படியே விட்டுவைத்து, தினமும் தோற்றதாக ஓர் எண்ணத்தை வளர்த்துக்கொண்டு, மூன்றாவது வாரம் பேண்டைக் கழற்றி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இதயத்துடிப்பு: இருப்பதில் மதிப்புள்ள எண்

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. அடுத்த கணம் ரத்தம் வடிந்து ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் நிமிடத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதே நீங்கள் காணும் எண்.

டிஷ்யூ உருளைப் புதிருக்கும் இங்கே விடை இருக்கிறது. சென்சாருக்குத் தெரிவது ஒளியின் ஏற்ற இறக்கம் மட்டும். எதிரே இருப்பது தோலா காகிதமா என்று அது பார்ப்பதில்லை. வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் சிறு சலனங்கள் இருக்கும். அதில் ஒரு தாளத்தைத் தேடிப்பிடித்து எண்ணாக்கும்படி எழுதப்பட்ட மென்பொருள், தன் வேலையைச் செய்துவிடுகிறது. கையில் கட்டியிருக்கும்போது அந்தச் சலனங்களைவிட ரத்த ஓட்டத்தின் தாளம் பல மடங்கு வலுவானது. எனவே அந்த வீடியோ, கையில் இல்லாதபோது பேண்ட் உளறும் என்பதைக் காட்டுகிறதே தவிர, கையில் இருக்கும்போதும் உளறும் என்று நிரூபிக்கவில்லை.

கையில் இருக்கும்போது எண் கெடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. பட்டை தளர்ந்திருந்தால் இடைவெளியில் வெளிச்சம் புகும். சென்சார் படும் இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியைத் தடுக்கும். எடை தூக்கும்போது மணிக்கட்டுத் தசைகள் இறுகி ரத்த ஓட்டத்தின் தாளம் குலையும். ஓடும்போது வேடிக்கையான ஒரு கோளாறு வரும்: நிமிடத்துக்கு 165 அடி ஓடுகிறீர்கள் என்றால், பேண்ட் அந்தக் கைவீச்சின் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 165 காட்டும். மெதுவாகத்தான் ஓடுகிறேன், மூச்சும் வாங்கவில்லை, ஆனால் எண் மட்டும் எகிறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தத் தடைகள் எதுவும் இல்லாமல், அசையாமல் இருக்கும்போது எடுக்கும் அளவுதான் ஓய்வுநிலை இதயத்துடிப்பு. மலிவு பேண்டு தரும் எல்லா எண்களிலும் தினமும் பார்க்கத் தகுந்தது இது என்பேன். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு, நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கு 50-க்குக் கீழேகூட இருக்கலாம். ஒருநாள் எண்ணைவிட வாரக் கோடு முக்கியம். தொடர்ந்து நடந்து வந்தால் சில வாரங்களில் இது மெல்ல இறங்கும். தூக்கம் கெட்டால், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்தால், மது அருந்தினால் மறுநாள் ஏறும். காய்ச்சலில் உடல்வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு எட்டு, பத்து கூடுவது வழக்கம். வழக்கமாக 66-இல் இருப்பவருக்கு இரண்டு நாளாக 76 என்றால், அன்று வேகநடையை விட்டு ஓய்வெடுக்கலாம். சும்மா இருக்கும்போதே அடிக்கடி 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு சீரற்று இருப்பதாக உணர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலிவு பேண்டுகளில் இசிஜி வசதி பொதுவாக இருக்காது, அந்தக் கேள்விக்கு அவற்றால் விடை சொல்ல முடியாது.

உடற்பயிற்சியின்போது திரையில் வரும் வண்ண வண்ண 'சோன்'கள், அதாவது துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையைப் பிரித்துக் காட்டும் பகுதிகள், 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தில் நிற்பவை. 45 வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு 175, அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 88 முதல் 122 வரை, மிதமான பயிற்சி. இது சராசரிக் கணக்கு. தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருப்பது சகஜம். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த சோன் கணக்கு பொருந்தவே பொருந்தாது, மாத்திரையே துடிப்பை அடக்கி வைக்கும். எண்ணைத் துரத்தி வேகம் கூட்டுவது அவர்களுக்கு ஆபத்து. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இந்தச் சோதனை எல்லாருக்கும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தபடி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் இத்தகைய மிதமான பயிற்சி வேண்டும்.

கலோரி: இதை வைத்துச் சாப்பிட வேண்டாம்

பேண்டை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் இந்த எண்ணில்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேர் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ மிகச் சிறந்த கருவிக்கே 27 சதவீதம் பிழை, மிக மோசமானதற்கு 93 சதவீதம். அவற்றில் விலை உயர்ந்த வாட்சுகளும் இருந்தன.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதைச் சரியாக அறிய, முகமூடி மாட்டி மூச்சில் போய்வரும் ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் அளக்க வேண்டும். பேண்டிடம் இருப்பது கைவீச்சும் துடிப்பும் நீங்கள் தட்டச்சு செய்த எடையும் மட்டும். உங்கள் உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு குழப்பம், மொத்தக் கலோரிக்கும் பயிற்சிக் கலோரிக்கும் உள்ள வேறுபாடு. 40 வயது, 165 செ.மீ. உயரம், 70 கிலோ எடையுள்ள ஆண் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்குமாக ஏறத்தாழ 1,500 கலோரி செலவாகும். சில ஆப்கள் அதையும் சேர்த்தே காட்டும், சில காட்டாது. இரண்டு பேர் தங்கள் எண்களை ஒப்பிட்டு வியப்பதற்கு இதுவே பாதிக் காரணம். உடல் எடை குறைக்க நினைப்பவர்கள் '400 கலோரி எரித்துவிட்டேன்' என்ற நம்பிக்கையில் கூடுதலாக இரண்டு பரோட்டா சாப்பிட்டால், உண்மையில் செலவானது 250 ஆக இருக்கலாம். உழைப்பு முழுவதும் அப்படியே வீணாகும். எடை இயந்திரமும் இடுப்புச் சுற்றளவும் போதும், கலோரிக் கட்டத்தை முகப்புத் திரையிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

தூக்கம், ஆக்சிஜன், மன அழுத்தம்

தூக்கத்தின் நிலைகளை ஆய்வகத்தில் அறிவதற்குத் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளையும், கூடவே கண் அசைவையும் தசை இறுக்கத்தையும் பதிவு செய்கிறார்கள். பேண்ட் மூளையைப் பார்ப்பதில்லை, கை அசையவில்லை, துடிப்பு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து ஊகிக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பது ஓரளவு சரியாக இருக்கும். விழித்தபடி அசையாமல் படுத்திருந்த நேரமும் தூக்கத்தில் சேர்ந்துவிடும். 'ஆழ்ந்த', 'லேசான', 'கனவு' என்ற பிரிவுகளை வைத்துக் கவலைப்பட எதுவும் இல்லை. தூக்க எண்ணைச் சரியாக்க வேண்டும் என்ற பதற்றத்திலேயே தூக்கம் கெடுகிறவர்களை மருத்துவர்கள் சந்தித்து, 2017-இல் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரும் வைத்தார்கள்.

ஆக்சிஜன் அளவு மணிக்கட்டில் எடுப்பதற்குச் சிரமமானது. கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர், விரலின் ஒரு பக்கம் ஒளி அனுப்பி மறுபக்கம் வாங்கும். பேண்டுக்கு அந்த வசதி இல்லை, திரும்பி வரும் ஒளியை வைத்தே சமாளிக்க வேண்டும். இரவில் கை உடலுக்கு அடியில் அழுந்திக் கிடந்தால் 88 என்று காட்டிப் பயமுறுத்தும். மூச்சுத் திணறல் இருந்தால் பேண்ட் 98 காட்டுகிறது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மன அழுத்தம் என்று காட்டுவது துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை வைத்த ஊகம்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டும் என்று விளம்பரம் செய்து சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் பெயர் தெரியாத பேண்டுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும்: வாங்காதீர்கள். சாம்சங் வாட்சில்கூட ரத்த அழுத்தம் பார்க்க, கையில் காற்றுப்பட்டை சுற்றும் கருவியோடு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். தோலைக் குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் வாட்சு, மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போடுகிறவர் அந்த எண்ணை நம்பி அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

பெட்டியைத் திறந்ததும்

1. முதலில் போனின் ப்ளூடூத் பட்டியலில் தேடி இணைக்காதீர்கள். நிறுவனத்தின் ஆப்பை இறக்கி அதன் வழியாக இணைக்க வேண்டும்.

2. ஆப்புக்கு பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களை மூடிவிடும். 'தகவல் வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

3. அதிகம் பயன்படுத்தாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். எந்தக் கை என்பதை ஆப்பிலும் குறியுங்கள். பயிற்சியின்போது ஒரு துளை இறுக்கி, முடிந்ததும் தளர்த்துங்கள்.

4. துடிப்பை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்ற அமைப்பைப் பாருங்கள். அடிக்கடி எடுத்தால் கோடு துல்லியமாகும், சார்ஜ் சீக்கிரம் தீரும். பெட்டியில் போட்டிருக்கும் 14 நாள் கணக்கு, எல்லா வசதியையும் போட்டுவைத்தால் கிடைக்காது.

5. '5 ஏடிஎம்' (ஏடிஎம் என்பது அழுத்தத்தின் அலகு) என்பது ஆய்வகத்தில் அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கியது என்று பொருள். நீச்சல் அடிக்கலாம். வெந்நீரும் சோப்பும் ஆவியும் நாளடைவில் உள்ளே இருக்கும் அடைப்பைக் கெடுக்கும்.

6. நம் ஊர் வெயிலில் பட்டைக்கு அடியில் வியர்வை தங்கி அரிப்பு வரும். தினமும் கழற்றிக் கழுவித் துடைத்து, தோலுக்கு ஒரு மணி நேரமாவது காற்றுப் பட விடுங்கள். தடிப்பு வந்தால் ஆறும்வரை கட்ட வேண்டாம்.

தகவல் எங்கே போகிறது?

உங்கள் துடிப்பும் தூக்கமும் நடந்த பாதையும் ஆப் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஆப் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், ராணுவ வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே பாலைவனத்தில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவம் தெரிந்துவிட்டது. சாதாரண ஆளுக்கு அதே தடம் வீட்டு வாசலையும் அதிகாலை நடை நேரத்தையும் காட்டிக்கொடுக்கும். தினமும் ஒரே பாதையில் தனியாக நடக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆப்பின் அமைப்பில் பகிர்தலை அணைத்து, இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். கேட்கிறதே என்று தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கொடுக்க வேண்டாம். அழைப்பவர் பெயர் மணிக்கட்டில் தெரிய வேண்டும் என்றால் மட்டும் கொடுங்கள். பேண்டை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஆப்பில் இணைப்பை நீக்குங்கள். பல மாடல்களில் பழைய கணக்கிலிருந்து விடுவிக்காமல் புதியவரால் இணைக்கவே முடியாது. அப்புறம் பேண்டை ரீசெட் செய்யுங்கள். அந்த ஆப்பை இனி பயன்படுத்தப் போவதில்லை என்றால் கணக்கையும் அழித்துவிடுங்கள். ஆப்பை மட்டும் போனிலிருந்து நீக்கினால் சர்வரில் இருப்பது அங்கேயே இருக்கும்.